சூப்பிரண்டு உண்ணாநோன்பு துறந்த படலம்

வாழ்க மொன்வபிசி! ஊதலே சங்காக, அபராதச் சீட்டுக் கட்டே அம்பறாத்தூணியாக, வெயிலில் கண் கூசவைக்கும் பச்சை மேலங்கியே மார்புக் கவசமாக, ஞோலிச் சதுக்கத்து நாற்சந்தியில் நாள்தோறும் தனியொருவனாய் நின்று, ஒரு கை உயர்த்தினால் டாக்ஸி வேன்களின் பெரும்படை உறுமல் அடங்கி ஒடுங்கவும், மறு கை அசைத்தால் அணை உடைந்தாற்போல் அலறிப் பாயவும் ஆணை செலுத்துகிற அண்ணல், தொந்தி முந்துற நடக்கும் தோன்றல், போக்குவரத்துக் காவலன் மொன்வபிசி டியானி வாழ்க! கடலில் பிறந்து, தென்னாப்பிரிக்கக் கெபெர்ஹா நகரத்துக் குப்பைத்தொட்டி மூடிகளையெல்லாம் பறவைகளாக்கிப் பறக்கவிடும் தென்காற்றே, நீயும் வருக. இவ்வரலாற்றைச் சொல்லி முடிக்கும்வரை என் நாவில் வந்து அமராவிட்டாலும் என் கூரைத் தகரத்தையாவது விட்டுவை.

போர் மூண்ட காரணம் முதலில் கேளுங்கள். குளிர்காலத்துக் காலைப்பொழுது ஒன்றில் நம் வீரன், லுயோலோ என்னும் டாக்ஸிக்காரனின் வெள்ளை வேனை மறித்து நிறுத்தினான். பதினைந்து பேர் உட்காரும் அந்த வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிச் சொல்லும் கணிதம் இன்னும் பிறக்கவில்லை. அபராதச் சீட்டை வீரன் உருவினான். அந்நேரம் பார்த்து, வேனின் வயிற்றுக்குள் நெடுநாள் நைந்துகிடந்த ஃபேன் பெல்ட் அறுந்து, கரிய உடல் நெளிய, சூட்டில் சீறிக்கொண்டு, அவனுடைய பூட்ஸ்மீது வந்து விழுந்தது.

அடுத்த கணம் நிகழ்ந்ததைக் கண்டவர்கள் கண்டபடியே சொல்கிறேன். மலை பறந்தது என்று கேட்டிருப்பீர்கள். அன்று ஞோலிச் சதுக்கம் பார்த்தது. தரையில் நின்ற மொன்வபிசி, இடையில் ஓரடியும் எடுத்துவைக்காமல், வேனின் முன்மூக்கின்மேல் நின்றான். இரு கையாலும் கண்ணாடித் துடைப்பானைப் பற்றியிருந்தான். அவன் வாயிலிருந்து புறப்பட்ட ஓசைக்குக் கோசா மொழியிலும் சொல் இல்லை.

"வைப்பர விடுங்க சார், ஒடஞ்சுரும்!" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் கத்தினாள்.

லுயோலோ மெல்ல இறங்கி, கீழே கிடந்ததைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "ஜோலா, இது பாம்பு இல்ல. ஃபேன் பெல்ட்டு. வேணும்னா இதுக்கும் ஒரு ஃபைன் எழுதுங்க."

ஜோலா என்று அவன் குலப்பெயர் சொல்லி அழைத்தானே, அந்த ஒரு சொல்தான் ஈட்டி. மஜோலா குலத்தார் பாம்புக்குச் சொந்தக்காரர்கள். அக்குலத்தில் குழந்தை பிறந்தால் பாம்பு ஒன்று வீட்டுக்குள் வந்து, பார்த்துவிட்டு, வந்த வழியே போகும். வீட்டார் ஒதுங்கி நின்று மரியாதையாய் வழியனுப்புவார்கள், யாரும் கத்துவதில்லை. மொன்வபிசி பிறந்தபோதும் வந்ததாம். அப்போது அவன் கத்தினானா என்பதற்குச் சாட்சி இல்லை. இப்போது கத்தினான் என்பதற்கு ஒரு வேன் நிறையச் சாட்சி இருந்தது. அன்று முதல் சதுக்கத்தைக் கடக்கும் ஒவ்வொரு டாக்ஸியின் சன்னலும் திறந்து, "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. குளிர்காற்றைவிட அந்த ஒலி அவன் காதைச் சுட்டது. வீட்டில் குக்கர் சத்தம் போட்டாலும் தலையைக் குனிந்துகொண்டான்.

பழி துடைக்காமல் வாழ்வதா? காவலர் பணிமனையின் தேநீர் மேசையருகே, பிஸ்கட் டப்பாவின்மேல் கையை ஓங்கி வைத்து அவன் சூளுரைத்தான்: "எல்லாரும் கேட்டுக்கோங்க! மாசக் கடைசிச் சனிக்கிழமை நமக்கும் டாக்ஸிக்காரங்களுக்கும் ஃபுட்பால் மேட்ச் இருக்குல்ல? அன்னைக்கு உசுருள்ள பாம்பு ஒண்ண மாலையாட்டம் கழுத்துல போட்டுட்டு மைதானத்துக்குள்ள வரல, நான் ஜோலா இல்ல! போய் லுயோலோகிட்டயும் சொல்லுங்க!"

பிஸ்கட்டுகள் நொறுங்கின. செய்தி பரவியது.

டயர்க் கடைக்குப் பின்னால் ஒரு சந்தில், பல்லிக்கும் ஆமைக்கும் பாம்புக்கும் சில்லறை வணிகம் செய்யும் டெல்மரீ யாந்த்சீஸ் அம்மையாரின் கடையில் அவன் படையெடுப்பு தொடங்கிற்று. தலையில் சுருட்டைக் குழாய்களோடு, வினிகர் ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலைப் பொட்டலத்திலிருந்து தின்றுகொண்டே அவள் கேட்டாள்:

"மொதத் தடவையா, மெனீர்?" அவள் மொழியில் மெனீர் என்றால் ஐயா.

"பாம்புன்னா எங்க குலத்துக்கே ஒரு..."

"மொதத் தடவையான்னு கேட்டேன்."

"ஆமா."

விரலைத் துடைத்துக்கொண்டு அவள் ஒரு பெட்டியைத் திறந்தாள். சாக்லேட்டும் தேனும் கலந்து தீட்டியதுபோல் உடல்; கட்டைவிரல் பருமன்; தன் தலையைத் தானே நடுவில் பொதிந்து, உருண்டு, திரண்டு, ஒரு பந்தாகக் கிடந்தது ராஜ மலைப்பாம்புக் குட்டி. நம் வீரன் அதை நன்றாகப் பார்த்தான். கடையின் வாசலில் நின்றபடி பார்த்தான்.

"பேருதான் ராஜா," என்றாள் டெல்மரீ. "விஷம் இல்ல. பயந்துட்டா இப்படிச் சுருண்டுக்கும். ஒரு ஓரம் சூடா, ஒரு ஓரம் குளுமையா வைங்க. சூடான ஓரம் முப்பத்திரெண்டு டிகிரி, தெர்மாமீட்டர் வெச்சுப் பாக்கணும், கைய வெச்சுப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணாதீங்க. தண்ணிக் கிண்ணம் தெனம் கழுவணும். ஒளிஞ்சுக்கறதுக்கு ரெண்டு பொந்து, இந்த ஓரம் ஒண்ணு, அந்த ஓரம் ஒண்ணு. ஒரு வாரம் தொடாதீங்க. மொதல்ல சாப்பிடட்டும். சாப்பிட்டதுக்கு அப்புறமும் ரெண்டு நாள் தூக்கக் கூடாது, கக்கிரும்."

"இருக்கறதுலயே பெரிய கண்ணாடித் தொட்டி எது?"

"அது எதுக்கு? இந்தச் சின்னப் பெட்டி போதும். குட்டிக்குப் பெரிய எடம்னா பயம்."

"ராஜாவுக்கு அரண்மனை வேணும்."

"சரி, பொந்தாவது வாங்குங்க."

"ஒளிஞ்சுக்கிட்டா நான் எப்படிப் பாக்கறது? பாத்துப் பாத்துத்தானே பயம்... அதுக்குப் பயம் தெளியணும்?"

டெல்மரீ ஒரு வறுவலை வாயில் போட்டு, அவனை ஏற இறங்கப் பார்த்து, அதை மென்று முடித்து, "உங்க இஷ்டம், மெனீர்," என்றாள்.

இவ்வாறாக, ஒரு கன்றுக்குட்டியைக் கட்டலாம் போன்ற கண்ணாடி மாளிகையின் நடுவே, ஒரு காபி டப்பா மூடி அளவில் அரசர் எழுந்தருளினார். மொன்வபிசி அதற்குச் சூப்பிரண்டு என்று பெயரிட்டான். அது அவனுடைய சொந்தப் பதவிக்கு இரண்டு படி மேல் என்பதை அன்று அவன் யோசிக்கவில்லை. பின்னால் தினமும் காலையில் தொட்டியைக் கடக்கும்போது, தன்னையறியாமல் தொப்பியைச் சரிசெய்துகொள்ளும்போதுதான் யோசித்தான்.

இனி இல்லத்தரசி வருகிறாள், வழிவிடுங்கள். பெயரின் முதல் பாதியிலேயே நோம்பைத் தாங்கி, அடுப்பையும் ஃப்ரிட்ஜையும் ஆண்டு, செவ்வாய்தோறும் தேவாலயப் பெண்கள் கூட்டத்தில் முதல் வரிசையில் நின்று பாடும் குரலால் சுவர்க்கடிகாரத்தையே அதிரவைக்கும் நோம்புலேலோ அவள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை முடித்து வந்தவள், இரவுச் சமையலுக்கு இறைச்சி எடுக்க உறைபெட்டியைத் திறந்தாள்.

"என்ன டப்பா இது?"

"ஐஸ்கிரீம்," என்றான் மொன்வபிசி.

அவள் மூடியைத் திறந்தாள். மூடினாள். "எந்த ஐஸ்கிரீமுக்கு வால் இருக்கு, ஜோலா?"

"ஒறஞ்ச எலிக்குட்டி, மாராதேபே. ரொம்பச் சுத்தமானது. இதுக்குன்னே வளக்கறது," என்று மனைவியின் குலப்பெயர் சொல்லிக் குழைந்தான்.

"என் ஆட்டுக் குடலுக்குப் பக்கத்துல எலியா? அடுப்புக்குப் பின்னாடி சும்மா ஓடுதே, அதப் புடிச்சுப் போட வேண்டியதுதானே?"

"வெளியெலி கூடாதாம், வியாதி வருமாம். உசுரோடயும் போடக் கூடாதாம், எலி திருப்பிக் கடிச்சிருமாம்."

நோம்புலேலோ உறைபெட்டிக் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். "ஆக, பாம்பு எலிக்குப் பயப்படும். நீ பாம்புக்குப் பயப்படுவ. இந்த வீட்டுல நான் மட்டும் யாருக்குப் பயப்படணும்னு சொல்லிரு, அதையும் பண்ணிர்றேன்."

நெடுநேரம் நடந்த பேச்சுவார்த்தையின் முடிவில் உடன்படிக்கை ஏற்பட்டது. எலிகளுக்கு அடித்தட்டு, மூன்று உறை சுற்றவேண்டும், ஐஸ்கிரீம் டப்பா கூடாது. கடைசியாக அவள் சொன்ன விதி ஒன்றுதான் வீரனின் நெஞ்சில் தைத்தது: "மாசக் கடைசிக்குள்ள அது சாப்பிடணும். பட்டினி கெடந்து என் வீட்டுல எந்த உசுரும் சாக நான் பாக்க மாட்டேன். சாப்பிடலேன்னா அந்தம்மாகிட்டயே கொண்டுபோய் விட்ரு. நீ கழுத்துல பெல்ட்டையே போட்டுட்டுப் போ."

முற்றுகை தொடங்கிற்று. கோட்டையை வளைப்பவன் உழிஞைப் பூச் சூடுவான், உள்ளிருந்து காப்பவன் நொச்சி சூடுவான் என்பது நம் முன்னோர் வகுத்த முறை. மொன்வபிசி கம்பளிக் குல்லாய் சூடினான். சூப்பிரண்டு எதையும் சூடவில்லை. தன் உடம்பையே மதிலாக்கி, தன் வாலையே அகழியாக்கி, தலை என்னும் கருவூலத்தை நட்டநடுவில் புதைத்து, எத்திசையிலிருந்தும் வாயில் தெரியாத வட்டக் கோட்டையாய் அது வீற்றிருந்தது. வீரனோ கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூக்கு கண்ணாடியில் தட்டையாகும்வரை நெருங்கி, "சாப்பிடுங்க, சூப்பிரண்டு," என்று கெஞ்சியும், விரலால் தட்டியும், வானொலியில் பாட்டு வைத்தும், இடையறாது போர்முரசு அறைந்தான்.

முதல் தாக்குதல் தோல்வியுற்றது. உறைபெட்டியிலிருந்து எடுத்த எலியை அவசரத்தில் அப்படியே உள்ளே போட்டான். அது கண்ணாடித் தரையில் 'டங்' என்று கூழாங்கல்போல் விழுந்து, சறுக்கி, மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தது. சூப்பிரண்டு தன் பந்தை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டது.

இரண்டாம் தாக்குதலுக்கு எலியை வெந்நீரில் நன்றாக இளக்கினான். கையால் நீட்டத் துணிவில்லாமல், வார இறுதியில் இறைச்சி சுடும் நீண்ட இடுக்கியை எடுத்தான். பின்னாலிருந்து ஒரு குரல் இடியென இறங்கியது. "அது இறைச்சி இடுக்கி! ஞாயித்துக்கெழம உங்க அண்ணன் வந்தா அதுலதானே வாட்டப் போற?" அவ்வளவுதான், இடுக்கி அன்றே குடும்பத்திலிருந்து விலக்கப்பட்டு, பாம்பின் சொத்தாயிற்று.

மூன்றாம் தாக்குதலே கொடியது. எலியை இடுக்கி நுனியில் பிடித்து, பந்தின் முன்னால் அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தான். மதில் ஓரிடத்தில் சற்றே நெகிழ்ந்தது. உள்ளிருந்து ஒரு சிறு தலை, பிளந்த நாவை ஒருமுறை நீட்டி, விரலகலம் முன்னே வந்தது. வந்ததே! நம் வீரன் இடுக்கியை எறிந்துவிட்டு, சோபாவின் முதுகின்மேல் ஏறிநின்றான். விழுந்த இடுக்கியின் ஓசையில் தலையும் உள்ளே ஓடிற்று. உலகப் போர்களின் வரலாற்றில் இரு தரப்புப் படையும் ஒரே கணத்தில் புறமுதுகிட்டது இந்த ஒரு களத்தில்தான்.

நாள்கள் சென்றன. மானம் இழந்த மன்னர்கள் உணவு துறந்து வடக்கிருந்ததாகக் கேட்டிருக்கிறோம். சூப்பிரண்டும் அவ்வாறே இருந்தது. அதன் பந்து உருண்டிருந்த பக்கம் ஃப்ரிட்ஜ், அதுவே வடக்கு. அதைப் பார்த்துப் பார்த்து மொன்வபிசிக்கும் சோறு இறங்கவில்லை. சோளமும் பயறும் குழைய வேகவைத்து நோம்புலேலோ வைத்த தட்டு ஆறிக் கிடந்தது. சதுக்கத்தில் நிற்கும்போது எந்த டாக்ஸியில் எத்தனை பேர் என்று எண்ண மறந்தான். முதலில் அவன் அஞ்சியது, சனிக்கிழமை வெறுங்கழுத்தோடு போவதை எண்ணி. பிறகு ஒருநாள் காலை, தொட்டிக்கு முன்னால் நின்றபோது, சனிக்கிழமை நினைவுக்கே வரவில்லை. பாம்பின் முதுகெலும்பு முந்தைய வாரத்தைவிடத் துருத்திக்கொண்டு தெரிந்தது போலிருந்தது. இதற்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் மட்டுமே இருந்தது.

டெல்மரீக்குப் போன் செய்தான்.

"எடை கொறஞ்சிருக்கா?" என்று கேட்டாள். வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தாள்.

"தூக்கிப் பாக்கல."

"நல்லதாப் போச்சு. சூடு?"

"நடுவுல இருக்கு."

"நடுவுலயா? ஓரத்துலன்னு சொன்னேனே! பொந்து?"

"வெக்கல."

மறுமுனையில் மெல்லும் ஓசை நின்றது. "மெனீர். அவ்வளவு பெரிய தொட்டி. நாலு பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்க மூஞ்சி. உங்கள ஒரு ஒசரத்துல ஏத்தி நிறுத்தி, ஊரே சுத்தி நின்னு வேடிக்க பாத்தா, உங்களுக்குச் சோறு எறங்குமா? அது பயந்து போயிருக்கு. உங்களப் பாத்து."

காவியங்களில் வீரனுக்கு ஞானம் பிறக்குமிடத்தில் வானம் முழங்கும், பூமாரி பெய்யும். இங்கே ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி ஓய்ந்தது. மொன்வபிசி போனைக் கையில் பிடித்தபடியே நின்றான். வேனின் முன்மூக்கு அவன் உள்ளங்காலுக்கு அடியில் சுட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாய்ச் சிரித்த முகங்கள் தெரிந்தன. இறங்கவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், துடைப்பானைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றது எவ்வளவு நேரமோ, அதைக் காட்டிலும் அதிக நேரம் இந்தச் சின்ன உயிரை அவன் நிறுத்தி வைத்திருக்கிறான்.

அன்று மாலையே முற்றுகையைத் தானே உடைத்தான். பழைய மழைக்கோட்டுகளால் தொட்டியின் மூன்று பக்கத்தையும் மூடினான். சூடேற்றும் விரிப்பை ஓரத்துக்கு நகர்த்தினான், கண்ணாடித் தரையில் பேப்பர் விரித்தான். நாற்காலியைத் திருப்பிப்போட்டான்.

"எதுக்கு இதெல்லாம்?" என்றாள் நோம்புலேலோ.

"பயப்படுதாம்."

"யாரப் பாத்து?"

"என்னப் பாத்து."

அவள் சிரித்தாள். அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்; கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனவள், அங்கேயும் சிரித்தாள். திரும்பி வந்தபோது அவள் கையில் விளிம்பு உடைந்த ஒரு பூந்தொட்டி இருந்தது. "இதக் கவுத்து வை. ஒடஞ்ச எடம் வாசலா இருக்கட்டும்." குளிர்ந்த ஓரத்துக்கு வேறு எதுவும் கிடைக்காததால், மொன்வபிசி தன் பழைய காவல் தொப்பியைக் கவிழ்த்தான். எத்தனையோ டாக்ஸிக்காரர்களை நடுங்கவைத்த தொப்பி அது. அதற்குள் சூப்பிரண்டு ஒரே வழுக்கில் நுழைந்து, முத்திரை பதித்த முன்பக்கத்தில் மோவாயை வைத்துக்கொண்டு, வந்த நாளிலிருந்து முதன்முறையாக உடம்பை நீட்டியது.

பிறகு வந்த நாள்களே கடும்போர். ஏனெனில் அவன் எதுவும் செய்யக்கூடாது. பார்க்கக்கூடாது, தட்டக்கூடாது, கெஞ்சக்கூடாது. தண்ணீரை மாற்றிவிட்டு விலகவேண்டும். தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, பிடரியை மட்டும் தொட்டிப் பக்கம் வைத்துக்கொண்டு, அந்தப் பிடரியாலேயே பார்க்க முயன்றான். கழுத்து பிடித்துக்கொண்டது.

போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை. கடைசி வாய்ப்பு. எலி குவளையில் இளகிக்கொண்டிருந்தது. தென்காற்று தெருவைத் தோளால் இடித்துக்கொண்டு வந்தது. அந்நேரம் கரண்ட் போயிற்று.

தெரு முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. சூடேற்றும் விரிப்பின் சிவப்புக் கண் அவிந்தது. மொன்வபிசி தெர்மாமீட்டரில் டார்ச் அடித்தான், எண் இறங்கியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று இறங்கியது. குளிர்ந்துபோனால் பாம்புக்குத் தின்றது செரிக்காது, தின்னவும் தின்னாது.

"வெந்நீர்ப் பை எங்க, மாராதேபே?"

"என் காலுக்கடியில."

"எனக்கில்ல. சூப்பிரண்டுக்கு."

"போன வருசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப, வெந்நீர் வெச்சுக் குடுன்னு கேட்டேன். நீ எந்திரிக்கல."

"மேட்ச் ஓடுச்சு," என்றான் மிகவும் தாழ்ந்த குரலில்.

"ஓடுச்சு." கட்டில் கிரீச்சிட்டது. "இந்தா. துண்டு சுத்தி வெளிப்பக்கமா, அடியில வை. நேரா வெச்சா சுட்டுரும். நான் கேஸ் அடுப்புல இன்னொரு கெண்டி வெக்கறேன், இது ஆறுனா மாத்தலாம்."

வெந்நீர்ப் பை தொட்டியின் அடியில் ஒட்டிக் கிடந்தது. மெழுகுவத்தி ஒன்று சமையலறையில் தொலைவாய் எரிந்தது. எண் மெல்ல மேலேறியது. மொன்வபிசி எலியைத் துடைத்து, இடுக்கியில் பிடித்து, பூந்தொட்டியின் உடைந்த வாசலுக்கு முன்னால் நீட்டினான். பக்கத்தில் நோம்புலேலோ, அவன் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாய்ப் பற்றியபடி.

இப்போது பாருங்கள் அந்த அற்புதத்தை! பயத்தில் அவன் கை நடுங்கிற்று. கை நடுங்க இடுக்கி நடுங்கிற்று. இடுக்கி நடுங்க, செத்து உறைந்து இளகிய எலி, உயிருள்ள எலியைப்போலவே உடம்பு சிலிர்த்து, மீசை துடித்து, பயந்து பயந்து அடியெடுத்து வைத்தது! எத்தனை பழகிய கை பிடித்திருந்தாலும் அந்த எலிக்கு அப்படி உயிர் வந்திராது. பூந்தொட்டிக்குள் இரண்டு கண் தெரிந்தது. கழுத்து ஆங்கில எஸ் எழுத்தாய் வளைந்தது. பிறகு 'தப்' என்று ஓர் ஓசை. இடுக்கி காலியாயிருந்தது.

மொன்வபிசி பறந்திருப்பான், சோபா தயாராய்த்தான் இருந்தது. ஆனால் நோம்புலேலோ அவன் காலை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தாள்.

"புடிச்சுருச்சா?" என்றாள் மூச்சுக்குள்.

"புடிச்சுருச்சு."

"என்ன பண்ணுது?"

"சுத்துது. இறுக்குது. இப்ப முழுங்குது."

"மெல்லாமயா?"

"மெல்லாம."

"உன்ன மாதிரியே." அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாளா, அழுதுகொண்டு சொன்னாளா என்று இருட்டில் தெரியவில்லை. மொன்வபிசிக்கோ இரண்டு கன்னமும் நனைந்திருந்தன; துடைக்க மறுத்து, அப்படியே நின்றான். பிறகு சமையலறைக்குப் போய், ஆறிப்போன சோளமும் பயறும் இருந்த பானையை மடியில் வைத்துக்கொண்டு, கரண்டியால் அடிவரை தின்றான்.

அவன் தின்று முடித்தபோது நோம்புலேலோ கேட்டாள்: "சரி, நாளைக்குக் கழுத்துல போட்டுட்டுப் போகணுமே?"

கரண்டி நின்றது. புகழ் ஒரு பக்கம், செரிமானம் ஒரு பக்கம். ஒரு பக்கம் ஊர் முழுக்கப் பார்க்க மஜோலா குலத்தின் மானம். மறுபக்கம் வயிற்றின் நடுவே ஒரு மேட்டோடு பூந்தொட்டிக்குள் கண்மூடிக் கிடக்கும் சூப்பிரண்டு. நெடிதுயிர்த்தான்.

"ரெண்டு நாள் தூக்கக் கூடாது," என்றான்.

"நீ ஜோலாவே இல்லம்பாங்க."

"சொல்லட்டும். தூக்கி, அது கக்கிருச்சுன்னா?"

சனிக்கிழமை, கொலைக்களம் புகும் கைதியைப்போல், கழுத்தில் ஒன்றுமின்றி மைதானம் புகுந்தான் மொன்வபிசி. வழிநெடுக ஓர் உரையை ஒத்திகை பார்த்திருந்தான். 'பெருமக்களே, சிரியுங்கள்' என்று அது தொடங்கும். மைதானமோ ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தது. டாக்ஸிக்காரர்கள் புல்லில் உருண்டார்கள். காவலர் அணியின் கோல்கீப்பர் த்சேபோ, காற்றில் பறந்துவந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பையைப் பந்து என்று எண்ணி, வலப்பக்கம் பாய்ந்து, அழகாகப் பிடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்திருக்கிறான். அந்நேரம் உண்மையான பந்து இடப்பக்கமாய் உள்ளே உருண்டு போயிருக்கிறது.

இறைச்சி சுடும் தணலருகே லுயோலோவைக் கண்டுபிடித்து, மொன்வபிசி அவன்முன் நிமிர்ந்து நின்றான். "லுயோலோ. பாம்ப நான் கொண்டு வரல."

"எந்தப் பாம்பு?"

"கழுத்துல போட்டுட்டு வர்றேன்னு சொன்னேனே."

"ஓ, அதுவா!" லுயோலோ தொத்திறைச்சியைப் புரட்டினான். "நீங்க வேற, ஜோலா. அவன் பையப் புடிச்சதப் பாத்தீங்களா? பைய! எந்திரிச்சு அத எதிர்ப்பக்கம் ஒதச்சு வேற விட்டான்!" மீண்டும் சிரித்து, மூச்சு வாங்கி, பிறகு மரியாதைக்காகக் கேட்டான்: "ஏன் கொண்டு வரல, செத்துப்போச்சா?"

"சாப்ட்டுச்சு," என்றான் மொன்வபிசி.

அந்த ஒரு சொல்லோடு மடை திறந்தது. இளஞ்சூட்டின் இயல்பும், இரு பொந்தின் இன்றியமையாமையும், எலியை வாலில் பிடிக்காமல் இடுப்பில் பிடிக்கவேண்டிய நுட்பமும், தோலுரிக்கும் காலத்தில் கண் பால்நிறமாவதும், அப்போது தொந்தரவு செய்வதின் கொடுமையும், தண்ணீர்க் கிண்ணம் கழுவும் முறையும், அவன் வாயிலிருந்து ஆற்றொழுக்காய்ப் பெருகின. லுயோலோ ஒரு காலை எடுத்தான், மறுகாலை எடுத்தான், போக வழியில்லை. நாற்சந்தியில் கூட அவனை இவ்வளவு நேரம் யாரும் நிறுத்தி வைத்ததில்லை. தொத்திறைச்சி கரிந்தது.

"இருங்க இருங்க," என்று கடைசியில் இடைமறித்தான். "அந்த எலிய எதுல போட்டு எளக்குனீங்க?"

"குவளையில."

"எந்தக் குவளை?"

"அதுக்குன்னு தனிக் குவளை."

லுயோலோ கரிந்த இறைச்சியை ரொட்டிக்குள் வைத்து நீட்டினான். "இந்தாங்க, சாப்பிடுங்க. ஒரு நாள் வந்து பாக்கறேன். டீ மட்டும் வேணாம்."

அவன் வீடு திரும்பியபோது கரண்ட் வந்திருந்தது. நோம்புலேலோ சோபாவில், தொட்டிக்கு முதுகைக் காட்டி, கால்மேல் போர்வை போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கதவைத் திறந்ததும் விரலை உதட்டில் வைத்தாள். "மெதுவா. தூங்குறாரு."

கெபெர்ஹாவின் காற்றுகளே, முரசறையுங்கள்! பகை வென்றவர் பலர் உண்டு. பசி வென்றவர் சிலர் உண்டு. தன் அச்சத்தையே இரையில் ஏற்றி இன்னோர் உயிரின் அச்சம் தீர்த்தவன், மாலையாய்ச் சூடக் கொணர்ந்த அரசனை மறுநாளும் உறங்கவிட்டு வெறுங்கழுத்தோடு களம் புகுந்த கொற்றவன், ஞோலிச் சதுக்கத்து ஞாயிறு, மஜோலா குலத்துத் தொந்திமலை, வாகை மலர் வாடாத வள்ளல் மொன்வபிசியின் புகழ் கடலும் காற்றும் டாக்ஸியும் உள்ளவரை நின்று நிலவுவதாக!

அடுத்த வாரம் பாம்பு கக்கா போயிருந்தது, மொன்வபிசி அடியில் கிடந்த பேப்பரை மாற்றினான்.